மூன்கேக்: பௌர்ணமியிலிருந்து பின்னோக்கி எண்ணிச் செய்தது

டப்பாவில் மூன்று நாள் இருந்த பிறகு மேல்தோல் இளகி, எண்ணெய் தடவியது மாதிரி மினுமினுக்கிறது. விரலால் அழுத்தினால் நொறுங்காமல் குழைந்து கொடுக்கிறது. மூன்கேக் என்பது மாவுத் தோலுக்குள் இனிப்புப் பூரணமும் உப்பு முட்டையின் மஞ்சள் கருவும் வைத்துச் சுடும் சீன விழாப் பலகாரம். தென்சீனாவின் குவாங்தோங் பாணி மூன்கேக் சரியாக வந்திருக்கிறது என்பதற்கு இதுதான் அடையாளம். சீன பேக்கரிகளில் இதை ‘எண்ணெய் திரும்புவது’ என்பார்கள். அவனிலிருந்து (சுடும் மின்னடுப்பு, ஓடிஜி) எடுத்த அன்று இதே கேக் கடினமாகவும் மங்கலாகவும்தான் இருக்கும். அன்றைக்கே கடித்துப் பார்த்து, சரியாக வரவில்லை என்று மூட்டை கட்டிவிடுகிறவர்கள் நிறைய. இந்தப் பலகாரம் அவனில் இருப்பது இருபது நிமிடம்தான். மற்றதில் பெரும்பகுதி காத்திருப்பு. அதனால் நாள்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

நடு இலையுதிர்க்கால விழா சீனச் சந்திர நாள்காட்டியின் எட்டாம் மாதம் 15-ஆம் நாள். 2025-இல் அது அக்டோபர் 6. இந்தப் பதிவு அந்த விழாவுக்குச் செய்த கேக்குகளைப் பற்றியது. 2026-இல் செப்டம்பர் 25. நம் பஞ்சாங்கத்தின் பௌர்ணமியை நம்பி நாள் குறிக்கக் கூடாது. பதினைந்தாம் நிலா பதினாறில்தான் முழுவட்டமாகும் என்று சீனர்களே சொல்வார்கள். 2026-இல் பௌர்ணமி மறுநாள் 26-ஆம் தேதி வருகிறது. அக்டோபர் 6-லிருந்து பின்னோக்கி எண்ணினால்: 3-ஆம் தேதி சுட வேண்டும், 1-ஆம் தேதி பூரணம் கிண்ட வேண்டும், ஆகஸ்ட் கடைசி வாரத்துக்குள் முட்டை உப்புநீரிலும் பாகு பாட்டிலிலும் போயிருக்க வேண்டும்.

முட்டை

நடுவில் வைக்கும் மஞ்சள் கருதான் நிலா. கேக்கை வெட்டினால் வெளிறிய பூரணத்தின் நடுவே செம்மஞ்சள் வட்டம் தெரிய வேண்டும். அதற்குக் கோழி முட்டை போதாது, வாத்து முட்டைதான் வேண்டும். அதன் மஞ்சள் கரு பெரியது, கொழுப்பும் அதிகம்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 250 கிராம் கல் உப்பு. கொதிக்கவைத்து முழுக்க ஆறவிட வேண்டும். வெதுவெதுப்பாக ஊற்றினால் வெள்ளைக்கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். கீறல் இல்லாத முட்டைகளைக் கழுவித் துடைத்து ஊறுகாய் ஜாடியில் அடுக்கி, ஆறிய உப்புநீரை ஊற்ற வேண்டும். முட்டை மிதக்கும். ஒரு பாலித்தீன் பையில் தண்ணீர் நிரப்பிக் கட்டி மேலே வைத்தால் அமுங்கிவிடும். நம் ஊர் வெயிலில் 30 நாள் கணக்கு. 25-ஆம் நாள் ஒன்றை உடைத்துப் பார்ப்பது நல்லது. மஞ்சள் கரு உருண்டு கெட்டியாகி, விரல்களுக்கிடையே பிடித்தாலும் உடையாமல் நின்றால் ஆயிற்று. நடு இன்னும் இளகலாக இருந்தால் ஐந்து நாள் பொறுக்கலாம். நாற்பது நாளைத் தாண்ட விட்டால் உப்பு ஏறிக் கரகரப்பாகிவிடும்.

சுடும் அன்று காலையில் உடைத்து, வெள்ளைக்கருவை வடித்து, மஞ்சள் கருவைத் தண்ணீரில் மெல்ல உருட்டி மேலிருக்கும் சவ்வை எடுக்க வேண்டும். சவ்வு தங்கினால் மீன் வாடை அடிக்கும். கடலை எண்ணெயில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, 160 டிகிரியில் 7 நிமிடம் சுட்டால் மேற்பரப்பு மங்கி, ஓரத்தில் எண்ணெய் துளிர்க்கத் தொடங்கும். அப்போதே எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் எண்ணெயெல்லாம் தட்டில் வழிந்து, உள்ளே வெறும் பொடிதான் மிஞ்சும். ஒன்று 12-லிருந்து 15 கிராம் வரை நிற்கும். மீந்த வெள்ளைக்கரு உப்புக் கரிக்கும். சூப்பிலோ, உப்பு சேர்க்காத ஆம்லெட்டிலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து தீர்க்கலாம்.

பாகு

சர்க்கரை 500 கிராம், தண்ணீர் 250 கிராம், எலுமிச்சைச் சாறு 50 கிராம். பாத்திரத்தை முதலில் காலியாக எடைபோட்டுக் குறித்து வைக்க வேண்டும். இதன் பயன் கடைசியில் தெரியும்.

சர்க்கரையும் தண்ணீரும் கொதி வரும்வரை கிளறலாம். கொதித்ததும் சாற்றை ஊற்றித் தீயைக் குறைத்த பிறகு கரண்டி உள்ளே போகக் கூடாது. பாத்திரத்தின் உள்சுவரில் தெறிக்கும் துளிகள் காய்ந்து மணியாகும். அதில் ஒரு மணி பாகுக்குள் விழுந்தாலும் போதும், ஒரு வாரத்தில் பாட்டில் முழுக்கக் கற்கண்டு கட்டிவிடும். தண்ணீரில் நனைத்த பிரஷால் சுவரை அவ்வப்போது துடைத்துவிட வேண்டும். சிறு தீயில் 45-லிருந்து 60 நிமிடம் ஆகும். எலுமிச்சையின் புளிப்பு சர்க்கரையைக் குளுகோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைக்க அவ்வளவு நேரம் தேவை. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் தண்ணீர் வற்றுமே தவிர சர்க்கரை உடையாது. அந்தப் பாகில் செய்த மேல்தோல் எத்தனை நாள் வைத்தாலும் இளகாது.

பதம் பார்ப்பதில்தான் பலருக்கும் பாகு தவறுகிறது. சூடாக இருக்கும்போது சரியான பாகு நீர்த்துத்தான் தெரியும். அப்போதே தேன் மாதிரி கனத்திருந்தால் ஆறியதும் இறுகிப்போகும். வெப்பமானி இருந்தால் 113 டிகிரிக்கும் 115 டிகிரிக்கும் நடுவில் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் பாத்திரத்தோடு தராசில் வைத்துப் பாத்திரத்தின் எடையைக் கழித்துப் பார்க்கலாம்: 630-க்கும் 650-க்கும் இடையில் நின்றால் சரி. குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் அடியில் போய்க் கொஞ்சம் கலையாமல் உட்காரும். மூன்று சோதனையிலும் தராசுதான் ஏமாற்றாதது. அளவுக்கு மீறி வற்றிவிட்டால் இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் ஊற்றி ஒரு கொதி விட்டால் சரியாகிவிடும். கண்ணாடி பாட்டிலில் ஊற்றித் தேதி எழுதி வெளியிலேயே வைக்கலாம். குறைந்தது இரண்டு வாரம், ஒரு மாதம் என்றால் இன்னும் நல்லது. நாளாக ஆக நிறம் கூடும், மேல்தோலும் மென்மையாக வரும்.

பூரணம்

தாமரை விதை வாங்கும்போது கவனம் வேண்டும். இங்கே ‘தாமரை விதை’ என்று லேபிள் ஒட்டி விற்கும் வெள்ளைப் பொரி மக்கானா. அது வேறொரு நீர்ச்செடியின் விதை, இதற்கு உதவாது. பூஜைக் கடையில் கிடைக்கும் கறுத்த, கல் மாதிரியான விதை தாமரைதான், ஆனால் ஓட்டை உடைப்பதற்குள் கை போய்விடும். தோல் நீக்கிய, தந்த நிறத்து உலர்ந்த விதையைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

250 கிராம் விதையை மூன்று மணி நேரம் ஊறவைத்து, ஒவ்வொன்றாகப் பிளந்து உள்ளேயிருக்கும் பச்சைக் குருத்தை எடுக்க வேண்டும். விற்கும்போதே எடுத்திருந்தாலும் சிலவற்றில் தங்கியிருக்கும், கசப்பு அதிலிருந்துதான் வருகிறது. விதை மூழ்கும் அளவு தண்ணீர் வைத்துக் குக்கரில் 20 நிமிடம். விரலால் நசுக்கினால் திப்பி இல்லாமல் மசிய வேண்டும். வடித்து, மிக்ஸியில் நைசாக அரைத்து, சல்லடையில் தேய்த்து இறக்கினால் சுருங்கிய விதைகளின் கடினமான துணுக்குகள் மேலே தங்கிவிடும்.

அடிகனமான நான்ஸ்டிக் வாணலியில் 110 கிராம் கடலை எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கை விட்டு, 170 கிராம் சர்க்கரையில் கால் பங்கைப் போட்டுப் பொன்னிறமாகும்வரை உருக்க வேண்டும். பூரணத்தின் நிறம் இங்கிருந்துதான் வரும். விழுதையும் மீதிச் சர்க்கரையையும் போட்டுச் சிறு தீயில் கிண்டி, மீதி எண்ணெயை மூன்று தவணையாக ஊற்ற வேண்டும். முந்தைய எண்ணெயை விழுது முழுக்க இழுத்துக்கொண்ட பிறகே அடுத்தது. ஒரே தடவையாக ஊற்றினால் எண்ணெய் தனியாக நின்றுவிடும்; பிறகு எவ்வளவு கிண்டினாலும் உள்ளே போகாது. 40-லிருந்து 50 நிமிடத்தில் வாணலியை விட்டு உருண்டு வரும். 700 கிராம் அளவுக்குத் தேறும்.

முதல் தட்டில் வைத்த நான்கு கேக்குகளும் அடியில் அகன்று பாவாடை விரித்தது இந்தப் பூரணத்தால்தான். வாணலியை விட்டு வந்ததுமே இறக்கியிருந்தது. உள்ளே ஈரம் மிச்சம். அவனில் அந்த ஈரம் ஆவியாகி மேல்தோலைத் தள்ளியிருக்கிறது. மீதிப் பூரணத்தைத் திரும்ப வாணலியில் போட்டுப் பத்து நிமிடம் கிண்டி ஆறவைத்த பிறகு அடுத்த தட்டு நிமிர்ந்து நின்றது. சரியான பதம் பார்க்க மரக்கரண்டியை நடுவில் செங்குத்தாகக் குத்திக் கையை எடுக்கலாம். கரண்டி சாயாமல் நிற்க வேண்டும், ஆறிய பூரணத்தை உருட்டினால் உள்ளங்கையில் எண்ணெய்ப்பசை மட்டுமே தெரிய வேண்டும்.

காரநீரும் மேல்மாவும்

கடையில் சீனக் காரநீர் (மேல்மாவில் சேர்க்கும் ஆல்கலிக் கரைசல்) கிடைக்காவிட்டால் ஆப்பசோடாவிலிருந்து செய்துகொள்ளலாம். தட்டில் பரப்பி 120 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டால் சோடியம் கார்பனேட்டாக மாறும். எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். அதில் 10 கிராமை 40 கிராம் தண்ணீரில் கரைத்தால் போதும். இது ஆப்பசோடாவைவிடக் காரத்தன்மை கூடியது. கையில் படாமல் கரண்டியால் எடுக்க வேண்டும், அலுமினியப் பாத்திரம் ஆகாது. சலவைக்கு விற்கும் சோடாவை உணவில் சேர்க்கவே கூடாது.

200 கிராம் மைதாவுக்குப் பாகு 150, கடலை எண்ணெய் 50, காரநீர் 4 கிராம். முதலில் பாகும் காரநீரும். நன்றாகக் கலந்த பிறகு எண்ணெயை ஊற்றி, இரண்டும் பிரியாமல் ஒரே கலவையாகும்வரை அடித்து, கடைசியில் மைதாவைச் சலித்துப் போட்டுக் கரண்டியால் மடித்துச் சேர்க்க வேண்டும். மாவு மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். பிசைந்தால் இழுவை வந்து, அவனில் சுருங்கிப் பூவேலைப்பாட்டைக் கெடுக்கும். மூடி இரண்டு மணி நேரம் வைத்தால் ஒட்டுவது குறையும்.

காரநீர் 4 கிராம் என்பது முக்கால் தேக்கரண்டியைவிடச் சற்றே குறைவு. குறைந்தால் கேக் வெளுத்து, ஓரம் வெடிக்கும். கூடினால் நிறம் கறுத்து, நாக்கில் சோப்பு வாடை தங்கும். 0.1 கிராம் காட்டும் சிறு தராசு ஒன்று வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

உருட்டலும் அச்சும்

100 கிராம் அச்சுக்கு மேல்மாவு 35, உள்ளே 65. அந்த 65-இல் மஞ்சள் கருவும் அடக்கம்: முட்டை 13 கிராம் இருந்தால் பூரணம் 52. முட்டையின் எடை மாறும் என்பதால் தராசில் முட்டையை வைத்து, 65 வரும்வரை பூரணத்தைச் சேர்ப்பதே சுலபம். 11 கேக் வரும். பேக்கரிக்காரர்கள் மேல்மாவை 20 கிராமுக்கே இறக்குவார்கள். புதிதாகச் செய்கிறவர்கள் 40-இல் தொடங்கலாம்.

கொழுக்கட்டைச் சொப்பு செய்து பழகிய கைக்கு இது விரைவில் வரும், திசைதான் வேறு. சொப்புக்குள் பூரணத்தை வைக்காமல், தட்டிய மாவைப் பூரண உருண்டையின் மேல் தொப்பியாகப் போட்டு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள வளைவால் உருண்டையைச் சுற்றிக்கொண்டே மாவைக் கீழ்நோக்கித் தள்ளிவர வேண்டும். உள்ளே காற்று சிக்கினால் சுட்ட பின் மேல்தோல் தனியாகவும் பூரணம் தனியாகவும் கழன்று வரும். ஒட்டாமலிருக்கத் தூவும் மாவு அதிகமானாலும் இதே கதி.

பழைய அச்சு கைப்பிடியுள்ள மரப்பலகை. உருண்டையை அழுத்தி நிரப்பி, பலகையின் இடப்பக்கம் ஒரு தட்டு, வலப்பக்கம் ஒரு தட்டு, பிறகு கவிழ்த்து முன்விளிம்பை மேசையில் தட்டினால் உள்ளங்கையில் விழும். ஸ்பிரிங் வைத்த பிளாஸ்டிக் அச்சில் இந்தத் திறமை வேண்டாம். அழுத்தி ஐந்து நொடி பிடித்தால் கோடுகள் தெளிவாக விழும். மரத்தின் ஆழம் பிளாஸ்டிக்கில் வராது, ஆனால் முதல் தடவைக்கு அதுவே போதும். அச்சில் வெட்டியிருக்கும் எழுத்தைப் பார்த்து வாங்குவது நல்லது. ‘நீள் ஆயுள்’ என்ற எழுத்து, உள்ளிருக்கும் பூரணத்தின் பெயர், கடைப்பெயர், நிலாமகள் சாங்கே, மருந்து இடிக்கும் நிலா முயல் என்று பலவகை உண்டு. ‘தாமரைப் பூரணம்’ என்று பொறித்த அச்சில் சிவப்பு அவரைப் பூரணத்தைச் சுட்டால் சீனர்கள் கண்ணில் உடனே படும்.

வட்டம்தான் பழைய விதி. 1635-இல் பெய்ஜிங் வழக்கங்களைப் பதிந்த ஒரு நூல், நிலாவுக்குப் படைக்கும் பழமும் பலகாரமும் வட்டமாகவே இருக்க வேண்டும், கொடிப்பழத்தைத் தாமரை இதழ்களாகத் தெரியும்படி பல்பல்லாக வெட்ட வேண்டும் என்கிறது. வட்டம் என்பது குடும்பம் குறையில்லாமல் கூடியிருப்பது. மங்கோலியரை எதிர்த்த கலகத்துக்கான சேதி கேக்குக்குள் ஒளித்து அனுப்பப்பட்டது என்ற கதையைத்தான் வெளியாட்கள் அதிகம் சொல்வார்கள். அது பின்னாளைய கதை, வரலாற்று ஆதாரம் இல்லை. கேக்கைப் புரிந்துகொள்ள வட்டமே போதும்.

சுடுவது

ஓடிஜியை 200 டிகிரிக்கு நன்றாகச் சூடாக்க வேண்டும். விளக்கு அணைந்த பின்னும் பத்து நிமிடம் விடலாம். தட்டில் வைத்த கேக்குகள்மேல் ஸ்ப்ரே பாட்டிலால் ஒரு தடவை தண்ணீர்ப்பனி: தூவிய மாவு கரையும், வெடிப்பும் குறையும். சொட்டாக விழுந்தால் அந்த இடத்தில் குழி விழும் என்பதால் அரை மீட்டர் உயரத்திலிருந்து அடிக்க வேண்டும். 6 நிமிடத்தில் பூவேலை இறுகியிருக்கும். வெளியே எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிட வேண்டும்.

பூசுவதற்கு ஒரு மஞ்சள் கரு, ஒரு தேக்கரண்டி வெள்ளைக்கரு, ஒரு தேக்கரண்டி தண்ணீர் கலந்து வடிகட்டியது. மென்மையான பிரஷைக் கிண்ணத்தின் விளிம்பில் இரண்டு பக்கமும் வழித்து, ஏறக்குறைய காய்ந்த பிரஷால் உயர்ந்த கோடுகளை மட்டும் தடவ வேண்டும். பள்ளத்தில் முட்டை தேங்கினால் எழுத்து அழிந்து மஞ்சள் திட்டுதான் மிஞ்சும். 180 டிகிரியில் 8 நிமிடம், மறுபடி ஒரு மெல்லிய பூச்சு, இன்னும் 5 நிமிடம்.

எடுக்கும் நேரத்தைப் பக்கச்சுவர் சொல்லும். முதலில் நேராக நிற்கும் சுவர் மெல்ல வெளியே உப்பத் தொடங்கும். தந்த நிறமாகி, லேசாகப் புடைத்ததும் எடுத்துவிட வேண்டும். இன்னும் இரண்டு நிமிடம் விட்டால் புடைப்பு வெடிப்பாகிவிடும். மேலே சீக்கிரம் கறுத்தால் தட்டை ஒரு அடுக்கு கீழே இறக்கலாம். சுட்ட கேக்கைப் பத்து நிமிடம் தொடவே கூடாது, நகர்த்தினால் கோணிக்கொள்ளும். இரண்டு மணி நேரம் முழுக்க ஆறிய பிறகே டப்பா. சூடோடு மூடினால் மூடியில் வியர்த்து, எண்ணெய் திரும்புவதற்குள் பூஞ்சணம் வந்துவிடும்.

மூன்று நாள் கழித்தும் தோல் இளகாவிட்டால் பாகு இளசு, அல்லது கூடுதலாகச் சுட்டிருக்கிறது. முந்தையதற்கு இன்னும் இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம். பிந்தையதற்கு வைத்தியம் இல்லை. இதில் கெடாமல் காக்கும் பொருள் எதுவும் இல்லை என்பதால் வெளியில் ஐந்து நாள், அதன்பின் ஃபிரிட்ஜ், மொத்தம் ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

படையலும் வெட்டும்

விழா இரவில் நிலா தெரியும் இடத்தில் மேசை போட்டு, ஊதுபத்தி, தேநீர், கேக், பம்ப்ளிமாஸ், அவித்த சேப்பங்கிழங்கு வைப்பது தென்சீன வழக்கம். நிலாவை ஆண்கள் வணங்குவதில்லை என்று பழைய சொல்வழக்கு உண்டு. அந்தப் பூசை பெண்களுடையதாக இருந்தது. பிறகு வட்டம் கலையாமல் நடுவிலிருந்து சம துண்டுகளாக, வீட்டிலுள்ள தலைக்கு ஒன்றாக வெட்டுவார்கள். 100 கிராம் கேக்கே நான்கு பேருக்குத் தாராளம். வெந்நீரில் நனைத்துத் துடைத்த மெல்லிய கத்தியால் ஒரே அழுத்தில் வெட்ட வேண்டும், இழுத்தால் மஞ்சள் கரு பூரணத்தில் அப்பிக்கொள்ளும். கூடவே சர்க்கரை போடாத கடுந்தேநீர், பூ-எர் என்ற சீனத் தேயிலை என்றால் எண்ணெய்த் திகட்டலை அது வெட்டும். பரிசாகக் கொடுக்க நினைத்தால் விழாவுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். நிலா தேயத் தொடங்கிய பிறகு யாரும் மூன்கேக் கொடுப்பதில்லை.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கடையில் வாங்குகிறவர்கள் பன்றிக்கொழுப்பு உண்டா என்று கேட்டு வாங்குவது நல்லது, சில பாணிகளில் அது வழக்கம். வீட்டில் சைவமாகச் செய்ய முட்டையை விட்டுவிட்டு 65 கிராமும் பூரணமாகவே வைக்கலாம். மேலே பாலில் சில சொட்டுப் பாகு கலந்து தடவினால் நிறம் வரும்.

செலவில் மைதா, சர்க்கரை, கடலை எண்ணெய் மூன்றும் நூறு ரூபாய்க்குள் அடங்கும். பாரம் தாமரை விதையிலும் வாத்து முட்டையிலும்தான். விதைக்குப் பதில் தோல் நீக்கிய பாசிப்பருப்பு போட்டாலும் மரபை மீறியதாகாது, அந்தப் பூரணமும் சீனர்கள் வைப்பதுதான். எண்ணெய் மட்டும் கொஞ்சம் குறைவாக இழுக்கும்.

2026-க்கு மாற்ற வேண்டியவை: முட்டையை ஆகஸ்ட் 20-க்குள் உப்புநீரில் போடுவது, மேல்மாவை 30 கிராமுக்குக் குறைப்பது, பூரணத்தைச் செப்டம்பர் 20-ஆம் தேதியே கிண்டி, ஒரே ஒரு கேக்கை மட்டும் முதலில் சுட்டுப் பார்ப்பது. அது அடியில் அகன்றால் பூரணத்தை மறுபடி வாணலியில் போட அவகாசம் இருக்கும். பாகு புதிதாகக் காய்ச்ச வேண்டியதில்லை. 150 கிராம் போக மீந்தது பாட்டிலில் அடுத்த விழாவரை கெடாது, ஈரக் கரண்டி மட்டும் உள்ளே போகக் கூடாது.